கட்சிப் பொறுப்பும் அரசுப் பதவியும் கலந்து கிடக்கும் வாழ்க்கைக் குறிப்பு: ஆண்டுகளைச் சரிபார்ப்பது எப்படி?

மலர்க்குழு_ஆதம்பாக்கம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் வாழ்ந்து மறைந்த கட்சிப் பிரமுகர் ஒருவருக்கு நினைவு மலர் தயாராகிறது. குடும்பத்தார் கொடுத்த குறிப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. கட்சிப் பெயர் இங்கே வேண்டாம், திராவிடக் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் இருப்பது:

1970–85 மின்வாரியப் பணி. 1974 கிளைச் செயலாளர். 1986–91 சென்னை மாநகராட்சி கவுன்சிலர். 1988 முதல் வட்டச் செயலாளர், பிறகு பகுதிச் செயலாளர். 1996-ல் 171-வது வார்டு கவுன்சிலர், மண்டல அலுவலர். சில காலம் தென்சென்னை மாவட்டப் பொறுப்பாளராக "மாவட்ட நிர்வாகத்தைக் கவனித்தார்". 2007-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய இயக்குநர். கடைசியாக, "பகுதி முழுவதும் சாலை, சாக்கடை வசதி செய்து கொடுத்தார்."

இதில் எது கட்சிப் பொறுப்பு, எது அரசுப் பதவி, எதை எங்கே போய்ச் சரிபார்ப்பது? மலர் எட்டுப் பக்கம்தான். ஆனால் தப்பாகப் போட்டால் எதிர்முகாமில் இருப்பவர்கள் முதல் நாளே போஸ்டர் அடித்துவிடுவார்கள்.

---

ரிப்பன்_கோப்பு பதில்:

முதலில் பெரிய ஓட்டையை அடைத்துவிடுவோம். 1986-ல் சென்னை மாநகராட்சியில் கவுன்சிலரே கிடையாது. மஸ்டர் ரோல் (தினக்கூலி வருகைப் பட்டியல்) ஊழல் வெடித்து 1973 டிசம்பரில் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த மாமன்றத் தேர்தல் 1996 அக்டோபரில்தான். இடைப்பட்ட காலம் முழுக்க அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. ஆகவே 1974-க்கும் 1995-க்கும் இடையில் யாராவது "சென்னை மாநகராட்சி கவுன்சிலர்" என்று குறிப்பு கொடுத்தால் அது நிச்சயம் பிழை.

அதற்காக அவர் எந்தப் பதவியிலும் இல்லை என்று ஆகிவிடாது. 1986-ல் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. ஆதம்பாக்கம், நங்கநல்லூர் எல்லாம் அப்போது ஆலந்தூர் நகராட்சி. சென்னையோடு சேர்ந்தது 2011-ல்தான். அவர் ஆலந்தூர் நகர்மன்ற உறுப்பினராக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "கவுன்சிலர்" என்று பேச்சுவழக்கில் சொன்னதை, பின்னால் யாரோ இன்றைய வரைபடத்தைப் பார்த்துச் "சென்னை மாநகராட்சி" ஆக்கியிருப்பார்கள். அம்பத்தூர், திருவொற்றியூர், மாதவரம் பக்கத்துக் குறிப்புகளிலும் இதே குழப்பம் வரும்.

1996-ல் 171-வது வார்டும் நிற்காது. அப்போது சென்னைக்கு மொத்தம் 155 வார்டு, 10 மண்டலம். 2011 விரிவாக்கத்தில்தான் 174 சதுர கி.மீ. நகரம் 426 சதுர கி.மீ. ஆகி, 200 வார்டும் 15 மண்டலமும் வந்தன. இன்றைய 171 அடையாறு மண்டலத்தில் வருகிறது, ஆலந்தூர் மண்டலத்தில் அல்ல. 2018-ல் வார்டு எல்லைகளை மறுபடி வரைந்தார்கள். 2022 தேர்தல் அந்த எல்லைப்படிதான் நடந்தது. எனவே வார்டு எண் எழுதும்போது எந்த ஆண்டின் எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1996-லும் அவர் ஆலந்தூர்க்காரராகவே இருந்திருந்தால் அப்போதும் நகர்மன்ற உறுப்பினர்தான், மாமன்ற உறுப்பினர் இல்லை.

"மண்டல அலுவலர்" என்பது சம்பளம் வாங்கும் மாநகராட்சி அதிகாரி. கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது மண்டலக் குழுத் தலைவர். இரண்டும் ஒரே கட்டடத்தில் உட்காரும் பதவிகள், அதனால் குடும்பத்தார் குழம்புவது சகஜம். அச்சில் வந்தால் மட்டும் அபத்தமாகிவிடும்.

தேதி போடுவதிலும் கவனம் வேண்டும். 2022-ஐயே பாருங்கள்: வாக்குப்பதிவு பிப்ரவரி 19, எண்ணிக்கை 22, கவுன்சிலர்கள் பதவியேற்பு மார்ச் 2, மேயர் மறைமுகத் தேர்தல் மார்ச் 4. "2022-ல் பதவிக்கு வந்தார்" என்றால் எதைச் சொல்கிறீர்கள்? வாழ்க்கைக் குறிப்புக்குப் பதவியேற்ற நாள்தான் பொருத்தம். பதவிக்காலம் முடிந்த தேதியை ஐந்தைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். 2001-ல் நேரடித் தேர்தலில் மீண்டும் மேயரான, எம்.எல்.ஏ.வாகவும் இருந்த மு.க.ஸ்டாலின், ஒருவர் இரண்டு தேர்தல் பதவி வகிக்கக் கூடாது என்ற 2002 சட்டத்தால் இடையிலேயே விலக நேர்ந்தது. துணை மேயராக இருந்த கராத்தே தியாகராஜன்தான் அதன்பின் பொறுப்பைக் கவனித்தார். "1996–2006 மேயர்" என்று எழுதினால் தவறு.

---

பகுதிக்காரன் பதில்:

கட்சிப் பக்கத்தை நான் சொல்கிறேன். நகரத்தில் ஏணி: பாக (வாக்குச்சாவடி) முகவர், வட்டம் (வார்டு), பகுதி, மாவட்டம், தலைமை. கிராமத்தில் கிளை, ஒன்றியம் என்று போகும். இவற்றில் எதற்கும் அரசுச் சட்டத்தில் அதிகாரம் கிடையாது. பகுதிச் செயலாளர் ஒரு தெருவிளக்குக்குக்கூடக் கையெழுத்துப் போட முடியாது. அவர் சொன்னால் நடக்கிறது என்றால், கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர் அவர் பேச்சைக் கேட்கிறார் என்று பொருள். அதை "நிர்வாகம்" என்று எழுதக் கூடாது.

"மாவட்ட நிர்வாகத்தைக் கவனித்தார்" என்ற வரியை அடித்துவிடுங்கள் தம்பி. மாவட்ட நிர்வாகம் என்றால் கலெக்டர். கட்சி மாவட்டம் வேறு, வருவாய் மாவட்டம் வேறு. சென்னை என்ற ஒரே வருவாய் மாவட்டத்துக்குள் தெற்கு, மேற்கு, கிழக்கு, வடக்கு என்று கட்சிகள் பல மாவட்டம் வைத்திருக்கின்றன. தேர்தலுக்குத் தேர்தல் பிரிப்பார்கள், சேர்ப்பார்கள். ஆக, அவர் இருந்த காலத்தில் அந்தக் கட்சி மாவட்டத்துக்கு என்ன பெயரோ அதையே போடுங்கள்.

இன்னொன்று, பொறுப்பாளர் வேறு, செயலாளர் வேறு. அமைப்புத் தேர்தலில் வந்தவர் செயலாளர். இடைக்காலத்தில் தலைமை நியமித்தவர் பொறுப்பாளர். பொதுக்குழு உறுப்பினர், தலைமைச் செயற்குழு உறுப்பினர் இரண்டும் ஒன்றல்ல. "தலைமைக் கழகப் பேச்சாளர்" என்பது மேடைக்கான அங்கீகாரம். அதைப் பதவி வரிசையில் செருகாமல் தனியாகச் சொல்லுங்கள்.

1988 என்று போட்டிருக்கிறீர்கள். அவர் அ.தி.மு.க. என்றால் அந்த ஆண்டு பேஜாரான ஆண்டு. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 தேர்தலில் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் ஜெயலலிதா அணி சேவலிலும் நின்றன. எந்த அணியின் வட்டச் செயலாளர் என்று கேட்காமல் எழுதாதீர்கள். தி.மு.க. என்றால் 1988 சிக்கலில்லை. ஆனால் வைகோ பிரிந்து ம.தி.மு.க. தொடங்கிய 1994 பிளவில் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அந்தப் பகுதிப் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

கட்சிப் பதவிக்குச் சான்று கட்சி ஏடுதான். முரசொலி, நமது எம்.ஜி.ஆர். மாதிரி ஏடுகளில் நிர்வாகிகள் அறிவிப்பு பெயர்ப்பட்டியலோடு வரும். பழைய மாநாட்டு மலர்களில் வரவேற்புக் குழுப் பட்டியல் இருக்கும். அதில் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பொறுப்பு நம்பகமானது, ஏனென்றால் அப்போது தப்பாகப் போட்டிருந்தால் அன்றைக்கே சண்டை வந்திருக்கும்.

---

பணிவிதி_பார்ப்பவர் பதில்:

மேலே இருவரும் விட்டுவிட்ட ஒன்று: 1970–85 மின்வாரிய வேலை, 1974-ல் கிளைச் செயலாளர். வாரிய ஊழியர் கட்சிப் பொறுப்பில் இருக்க நடத்தை விதி இடம் தராது. அப்படியே அச்சிட்டால், "வேலையில் இருந்துகொண்டே கட்சி நடத்தினார்" என்று மறைந்தவர் மீது நீங்களே குற்றப்பத்திரிகை வாசித்ததாகிவிடும்.

பெரும்பாலும் நடந்திருக்கக் கூடியது வேறு. தி.மு.க. சார்பு தொழிற்சங்கமான தொ.மு.ச. பேரவை 1970-ல் தொடங்கியது. தொழிற்சங்கத்திலும் "கிளைச் செயலாளர்" உண்டு. அது ஊழியருக்குச் சட்டப்படியான உரிமை. சங்கக் கிளை வீட்டுப் பேச்சில் கட்சிக் கிளை ஆகியிருக்கும். சங்க உறுப்பினர் சீட்டு, மகாநாட்டு அழைப்பிதழ், கேட் கூட்ட நோட்டீஸ் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரு நோட்டீஸ் கிடைத்தால் போதும், இந்தக் கேள்வி தீர்ந்தது.

அடுத்தது 1985. ஓய்வா, விருப்ப ஓய்வா, ராஜினாமாவா? மூன்றுக்கும் பலன் வேறு. விருப்ப ஓய்வில் பணப்பலன் உண்டு. ராஜினாமா என்றால் பொதுவாக முந்தைய பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் கழிந்துவிடும். 1986-ல் போட்டியிட்டவர் என்பதால் வேலையை விட்ட தேதி முக்கியம். ராஜினாமாக் கடிதம் கொடுத்த நாளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அது ஏற்கப்பட்டு, வேட்புமனுப் பரிசீலனையின்போது அவர் பணியில் இல்லாமல் இருக்க வேண்டும். இதில் தடுக்கி விழுந்தவர்கள் நிறைய. 2023-ல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு துணை ஆட்சியர் தேர்தலில் நிற்க ராஜினாமா கொடுத்தார். அது ஏற்கப்படுவதற்குள் கட்சி வேறு வேட்பாளரை அறிவித்துவிட்டது. தலைகீழ் உதாரணமும் உண்டு: காஷ்மீரைச் சேர்ந்த ஷா ஃபேசல் 2019-ல் ஐஏஎஸ்ஸிலிருந்து ராஜினாமா கொடுத்து, கட்சியே தொடங்கினார். ராஜினாமா ஏற்கப்படாமலே கிடந்ததால் 2022-ல் பணிக்குத் திரும்பினார்.

சான்றுக்குப் பணிப்பதிவேடு, அல்லது ஓய்வூதிய ஆணை. குடும்ப ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தால் அந்த ஆணையிலேயே பணியில் சேர்ந்த நாளும் விட்ட நாளும் இருக்கும்.

---

ஆவணப்பூச்சி பதில்:

சரி, எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன். என் யோசனை: அரசுப் பதவியை அரசு ஆவணத்தில் மட்டும் பாருங்கள், கட்சிப் பதவியைக் கட்சி ஏட்டில் மட்டும் பாருங்கள். செய்தித்தாள் இரண்டுக்கும் துணைச்சான்று, அவ்வளவுதான். நிருபர் "வாரியத் தலைவர்" என்று எழுதியதை நம்பி ஏமாந்த மலர்கள் ஏராளம்.

வாரியப் பதவி: 2007-ல் "நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்" என்ற பெயரே இல்லை. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு அந்தப் பெயர் 2021-ல்தான் வந்தது. ஆகவே "குடிசை மாற்று வாரியம்" என்றே போடுங்கள். "இயக்குநர்" என்பதும் சந்தேகத்துக்குரியது. வாரியங்களில் மேலாண்மை இயக்குநர் வழக்கமாக ஐஏஎஸ் அதிகாரி. கட்சிக்காரர்கள் வருவது அலுவல்சாரா (அரசு ஊழியர் அல்லாத) உறுப்பினராக. இரண்டில் எது என்பதை நியமன அரசாணைதான் சொல்லும். அரசாணையைக் குறிப்பிடும்போது எண், துறை, தேதி மூன்றும் சேர்ந்தால்தான் அர்த்தம். ஒவ்வொரு துறைக்கும் ஆண்டுதோறும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால், "அரசாணை எண் 45" என்று மட்டும் சொன்னால் அந்த ஆண்டில் துறைக்கு ஒரு 45 கிடைக்கும். அது அரசாணை (நிலை) வரிசையா, வேறு வரிசையா என்பதும் தெரிய வேண்டும்.

அரசாணை கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மனு தோற்பது பெரும்பாலும் கேள்வி கேட்கும் விதத்தால்தான். "அவர் என்ன பதவியில் இருந்தார், ஏன் நியமிக்கப்பட்டார்" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: "2006 ஏப்ரல் முதல் 2008 மார்ச் வரை வாரியத்துக்கு அலுவல்சாரா உறுப்பினர்களை நியமித்த அரசாணைகளின் நகல்." "மூன்றாம் நபர் தகவல்" என்று யாராவது தட்டிக் கழித்தால் 8(3) பிரிவை எடுத்துக் காட்டுங்கள். 20 ஆண்டைத் தாண்டிய நிகழ்வுகளுக்கு, நாட்டுப் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் கோப்பு போன்ற சில விலக்குகள் தவிர மற்றவை பொருந்தாது. உங்கள் 1986, 1996 கேள்விகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

ஆலந்தூர் நகராட்சி மாநகராட்சியோடு இணைந்துவிட்டதால் பழைய நகர்மன்றத் தீர்மானப் புத்தகங்களை மாநகராட்சியிடம்தான் கேட்க வேண்டும். நகலை விடப் பார்வையிட அனுமதி கேட்பது நல்லது. முதல் மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. வருகைப் பதிவில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் உறுப்பினரா இல்லையா என்ற கேள்வி முடிந்தது.

பழைய அரசிதழுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா. கட்சி இதழ்கள், மலர்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டிருந்தால் 2003-க்குப் பிந்தைய பிரமாணப் பத்திரத்தில் படிப்பு, சொத்து, வழக்கு எல்லாம் அவர் கையெழுத்தோடு இருக்கும். குடும்பக் குறிப்போடு அது முரண்பட்டால் பிரமாணப் பத்திரத்தையே பின்பற்றுங்கள்.

---

ரிப்பன்_கோப்பு மீண்டும்:

"சாலை, சாக்கடை வசதி செய்து கொடுத்தார்" என்ற வரி பாக்கி இருக்கிறது. மலர்களில் எல்லாரும் பாலம் கட்டியிருக்கிறார்கள், குளம் வெட்டியிருக்கிறார்கள். இதை அடிக்கச் சொல்லவில்லை, எழுதும் முறை இருக்கிறது.

கவுன்சிலர் கோரிக்கை கொடுக்கிறார். உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுகிறார். தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், தொகைக்கு ஏற்ப மன்றத் தீர்மானம், பிறகு டெண்டர். 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்குப் பிறகு இதில் ஆள் பார்த்துக் கொடுக்க வழியில்லை, விதிப்படி. பணியாணை, வேலை, அளவுப் புத்தகத்தில் பதிவு, பில். செயல் அதிகாரம் ஆணையரிடம். மேயர்கூட மன்றத்துக்குத் தலைமை தாங்குபவர்தான். இந்தச் சங்கிலியில் கவுன்சிலரின் கைத்தடம் இரண்டு இடத்தில் தெரியும்: கோரிக்கைக் கடிதத்திலும், மன்றத்தில் அவர் பேசிய குறிப்பிலும். வார்டு மேம்பாட்டு நிதி வந்த பிறகு மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில் எந்த வேலை என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். 2022-ல் சென்னையில் வார்டுக்கு 35 லட்சம் என்று இருந்து பிறகு உயர்ந்தது.

ஆகவே "சாலை போட்டார்" வேண்டாம். "இன்ன தெருவுக்குச் சாலை கேட்டு இன்ன நாளில் மன்றத்தில் பேசினார், இன்ன எண் தீர்மானத்தில் அது நிறைவேறியது" என்று எழுதுங்கள். யாராலும் அசைக்க முடியாது.

சாக்கடை விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை. ஆலந்தூர் பாதாளச் சாக்கடைத் திட்டம் நாடறிந்தது. 1996-ல் வந்த நகர்மன்றத்தில், தலைவர் ஆர்.எஸ்.பாரதி காலத்தில் எடுத்த முடிவு. வீட்டுக்கு 5,000 ரூபாய் மக்களிடமே முன்பணம் வாங்கித் தொடங்கினார்கள். இணைப்பே வராத நிலையில் பணம் கட்டச் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. உங்கள் ஆள் அந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்து தன் வார்டில் அந்த வசூலுக்கு நின்றிருந்தால், எட்டுப் பக்கத்தில் ஒரு முழுப் பக்கம் அதற்கே கொடுக்கலாம். ஆனால் திட்டமே அவருடையது என்று எழுதிவிடாதீர்கள்.

---

மலர்க்குழு_ஆதம்பாக்கம்:

எல்லாருக்கும் நன்றி. 1996-ல் ஆலந்தூரா சென்னையா என்பதை வீட்டில் கேட்டேன், "நகர்மன்றக் கூட்டம்" என்று அச்சிட்ட ஓர் அழைப்பிதழ் எடுத்துக் கொடுத்தார்கள். ஆக நகராட்சிதான். 171 எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னும் ஒரு சந்தேகம்: கட்சி விலக்கி வைத்த பிறகும் இரண்டு ஆண்டு உறுப்பினராகத் தொடர்ந்தார் என்கிறார்கள். அது முடியுமா? முடியாதென்றால் அந்த வரியையும் எடுத்துவிடுகிறேன்.

---

பகுதிக்காரன் பதில்:

முடியும். எடுக்க வேண்டாம். கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது 1985-ல் வந்த பத்தாவது அட்டவணை, எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான். உள்ளாட்சிக்குக் கேரளம் 1999-ல் தனிச் சட்டம் போட்டது, தமிழ்நாட்டில் அப்படி இல்லை. கட்சியை விட்டு நீக்கினால் கட்சிப் பொறுப்பு போகும், மன்ற நாற்காலி போகாது. 2022 மார்ச்சில் கூட்டணிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் தி.மு.க.வினரே நின்று ஜெயித்தபோது, தலைமை அவர்களை ராஜினாமா செய்யச் சொன்னது. சட்டத்தில் வழி இருந்திருந்தால் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லையே.

நீக்கிய தேதியைக் கட்சி ஏட்டிலிருந்து எடுங்கள், கடைசியாகக் கையெழுத்திட்ட கூட்டத்தின் தேதியைத் தீர்மானப் புத்தகத்திலிருந்து எடுங்கள். மறுபடி சேர்த்துக்கொண்டார்களா என்பதையும் கேளுங்கள். சேர்த்திருந்தால் அந்த அறிவிப்பும் அதே ஏட்டில் வந்திருக்கும், பெரும்பாலும் ஏதாவது ஒரு தேர்தலுக்கு முந்தைய மாதங்களில்.